ஸ்காட்லாந்தில் ஒரு மெட்ராஸ்

கடலோரச் சிற்றூர் ஒன்றின் பள்ளிக்கூடத்துக்கு நம் ஊர்ப் பெயர். அந்தப் பெயருக்குப் பின்னால், மணலில் விரலால் எழுதிப் படித்த தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்று ஒரு சிற்றூர். கோல்ஃப் ஆடுபவர்களுக்கு அது காசி மாதிரி. ஒரு முறையாவது போய்வந்தால்தான் ஜென்மம் சாபல்யம். அங்குள்ள பல்கலைக்கழகம் 600 ஆண்டுகளைத் தாண்டியது. மக்கள்தொகை இருபதாயிரத்தைத் தொடாத அந்த ஊரில், காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும் பிள்ளைகள் போகுமிடம் மெட்ராஸ். உள்ளூர் ரக்பி குழுவின் பெயரும் மெட்ராஸ்தான்.

பள்ளியின் முழுப் பெயர் மெட்ராஸ் காலேஜ். பெயரில்தான் காலேஜ்; உண்மையில் அது 12 வயது முதல் 18 வயது வரையுள்ளவர்கள் படிக்கும் பள்ளிக்கூடம். 1833-ல் திறக்கப்பட்டது. இன்று ஃபைஃப் கவுன்சில் நடத்தும் அரசுப் பள்ளி அது. செயின்ட் ஆண்ட்ரூஸ் பிள்ளைகளும் சுற்றுவட்டாரக் கிராமத்துப் பிள்ளைகளுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் படிக்கிறார்கள். 1996-ல் மெட்ராஸ் சென்னை ஆயிற்று. ஐயாயிரம் மைல்களுக்கு அப்பாலுள்ள அந்தப் பள்ளி மட்டும் பழைய பெயரை விடவில்லை.

தேயிலைக்கு அஸ்ஸாம் பெயர் ஒட்டிக்கொள்வதிலும், துணிக்கு மெட்ராஸ் செக் என்று பெயர் வாய்ப்பதிலும் வியப்பில்லை. அவை இங்கிருந்து கப்பலேறிப் போன சரக்குகள். பள்ளிக்கூடத்துக்கு ஏன் அந்தப் பெயர்? அப்படி எந்தச் சரக்கு போயிற்று?

அம்பட்டர் மகன்

ஆண்ட்ரூ பெல் 1753-ல் செயின்ட் ஆண்ட்ரூஸில் பிறந்தார். அப்பா முடிதிருத்துபவர், பொய்முடி செய்து தருபவர். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்த பெல், 1774-ல் அமெரிக்காவின் வர்ஜீனியாவுக்குப் போய் வீட்டு ஆசிரியராக வேலை பார்த்தார். ஊர் திரும்பி இங்கிலாந்துத் திருச்சபையில் பாதிரியார் பட்டம் பெற்றார். 1787-ல் மெட்ராஸில் வந்து இறங்கினார்.

அந்தக் காலத்து மெட்ராஸ், கெட்டிக்காரப் பாதிரியாருக்குப் பொன் விளையும் பூமி. கம்பெனிப் படையின் ஒரு ரெஜிமெண்டுக்குப் பாதிரியாராக இருந்தால் ஒரு சம்பளம். நான்கைந்து ரெஜிமெண்டுகளுக்கு இருந்தால் நான்கைந்து சம்பளம். பெல் பல பதவிகளைச் சேர்த்துக்கொண்டார். வரும்போது கையில் சில நூறு பவுன் கூட இல்லாதவர், 1796-ல் கப்பலேறும்போது இருபத்தையாயிரம் பவுனுக்கு மேல் சொத்துடையவர்.

இடையில் ஒரு பொறுப்பை மட்டும் சம்பளம் வேண்டாமென்று ஏற்றார். எழும்பூரில் பழைய கோட்டை ஒன்றில் 1789-ல் ஆண் அனாதை இல்லம் தொடங்கப்பட்டது. அதன் மேற்பார்வையாளர் பதவி அது. இல்லத்துப் பிள்ளைகள் மெட்ராஸ் படையின் ஐரோப்பியச் சிப்பாய்களுக்குப் பிறந்தவர்கள். தகப்பன் சண்டையிலோ காய்ச்சலிலோ போயிருப்பான், அல்லது விட்டுவிட்டுப் போயிருப்பான். பலருக்குத் தாய் இந்த மண்ணைச் சேர்ந்தவள். கம்பெனி இவர்களை எங்கே வைப்பதென்று தெரியாமல் வைத்த இடம் எழும்பூர்.

அங்கே ஆசிரியர்கள் இருந்தார்கள், படிப்பு நகரவில்லை. எழுத்துக்கூட்டவே பிள்ளைகள் மாதக்கணக்கில் தடுமாறினார்கள். வாத்தியார்களை எவ்வளவு விரட்டினாலும் பயனில்லை என்று பெல் சலித்துப்போயிருந்த சமயத்தில்தான் அது நடந்தது.

மணலும் விரலும்

ஒரு நாள் காலை குதிரையில் போய்க்கொண்டிருந்தவரின் கண்ணில் ஒரு ‘மலபார்’ பள்ளிக்கூடம் பட்டது. அன்றைய ஆங்கிலேயர் தமிழரை மலபார் என்றே குறிப்பிட்டார்கள். தரையில் வரிசையாகப் பிள்ளைகள். எதிரே பரப்பிய மணல். வாயால் எழுத்தைச் சொல்லிக்கொண்டே விரலால் மணலில் எழுதுகிறார்கள்; அழிக்கிறார்கள்; மறுபடி எழுதுகிறார்கள். காகிதம் இல்லை, மை இல்லை, செலவு இல்லை. பெல்லின் வரலாற்றை எழுதிய கவிஞர் ராபர்ட் சதே இந்தக் காட்சியைப் பதிவு செய்திருக்கிறார். கண்டுகொண்டேன் என்று கூவியபடி பெல் இல்லத்துக்குக் குதிரையைத் திருப்பினாராம்.

அவர் பார்த்தது நமக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளிக்கூடம். ‘அ’னாவும் ‘ஆ’வன்னாவும் மணலில் பழகி, கை திருந்திய பின்தான் ஓலையும் எழுத்தாணியும். எண்சுவடி ராகம் போட்டுப் பாடம். மூத்த மாணவன் சொல்லிக்கொடுக்க, இளையவர்கள் கூடச் சொல்வார்கள். அந்த மூத்தவனுக்குச் சட்டாம்பிள்ளை என்று பெயர். வாத்தியார் இல்லாத நேரத்தில் வாத்தியார் அவன்தான். பிரம்பை எடுப்பவனும் பல சமயம் அவன்தான். உ.வே. சாமிநாதையர் தம் சுயசரிதத்தில் அந்தப் பள்ளிக்கூட வாழ்க்கையை விரிவாகவே எழுதியிருக்கிறார்.

இது தமிழ்நாட்டின் தனிச்சொத்தும் அல்ல. 1623-ல் கர்நாடகத்தின் இக்கேரி வழியாகப் போன இத்தாலியப் பயணி பியெத்ரோ தெல்லா வல்லே, ஒரு கோயில் முகப்பில் நான்கு சிறுவர்கள் மணலில் எழுதி, சேர்ந்து பாடி, ஒருவருக்கொருவர் கணக்குச் சொல்லிக்கொண்டதை வியந்து எழுதினார். அருகில் வாத்தியார் இல்லை. தென்னிந்தியப் பிள்ளைகள் இப்படிப் படித்துவந்தது பெல்லுக்குக் குறைந்தது நூற்றறுபது ஆண்டுகளுக்கு முன்பே எழுத்தில் பதிவாகிவிட்டது.

எழும்பூருக்குத் திரும்பிய பெல், இல்லத்து ஆசிரியரை அழைத்து மணலில் எழுத்து கற்பிக்கச் சொன்னார். நடக்காத காரியம் என்றார்கள். பெல் விடவில்லை. ஜான் ஃபிரிஸ்கென் என்ற சிப்பாயின் மகன் படிப்பில் கெட்டி. வயது சுமார் எட்டு. சின்ன வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். வாத்தியாரால் முடியாதென்று சொன்னதை அந்தப் பொடியன் செய்து காட்டினான். பிறகு மற்ற வகுப்புகளுக்கும் பையன்களே ஆசிரியர்கள் ஆனார்கள். தெரிந்தவன் தெரியாதவனுக்குச் சொல்வது, சொல்லும்போதே தானும் ஆழமாகக் கற்பது என்று முறை உருவாயிற்று. இப்படிக் கற்பிக்கும் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் மானிட்டர் என்று பெயர். சட்டாம்பிள்ளைக்கு இங்கிலீஷ் சட்டை போட்டாயிற்று.

கப்பலேறிய சட்டாம்பிள்ளை

1797-ல் லண்டனில் பெல் ஒரு சிறு புத்தகம் வெளியிட்டார். எழும்பூர் அனாதை இல்லத்தில் நடந்த கல்விச் சோதனை பற்றியது. ஆசிரியரின் மேற்பார்வையில் ஒரு பள்ளி தனக்குத்தானே பாடம் சொல்லிக்கொள்ள முடியும் என்பது அதன் சாரம்.

இங்கிலாந்துக்கு அந்த நேரத்தில் இதுதான் தேவைப்பட்டது. ஆலைகள் பெருகின, நகரங்கள் பெருத்தன, ஏழைப் பிள்ளைகள் தெருவில் நின்றார்கள். அவர்களுக்குப் பள்ளி வைக்க அரசும் முன்வரவில்லை, ஆசிரியர்களும் இல்லை. ஒரே ஆசிரியரும் சில பெரிய பையன்களும் இருந்தால் நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பாடம் நடக்கும் என்ற செய்தி அமுதமாக இனித்தது. 1798-ல் லண்டனின் ஆல்ட்கேட் பகுதிப் பள்ளி ஒன்று இந்த முறையைக் கையாண்டது.

அதே காலத்தில் ஜோசப் லங்காஸ்டர் என்ற குவேக்கர் இளைஞர் லண்டனின் பரோ ரோட்டில் ஏறத்தாழ இதே வகையில் பெரிய பள்ளி ஒன்றை நடத்தினார். முதலில் பெல்லுக்கு நன்றி சொன்னவர், பிறகு யார் கண்டுபிடித்தது என்று சண்டையில் இறங்கினார். திருச்சபை பெல் பக்கம். திருச்சபைக்கு வெளியே உள்ளவர்கள் லங்காஸ்டர் பக்கம். பத்திரிகைகளில் வருடக்கணக்கில் வாதப் பிரதிவாதம். பெல்லுக்காகக் கவிஞர்கள் கோல்ரிட்ஜும் சதேயும் பேசினார்கள். 1811-ல் திருச்சபையின் ஆதரவில் தேசிய சங்கம் பிறந்து, பெல் முறையில் ஆயிரக்கணக்கான பள்ளிகளைத் திறந்தது. ‘மெட்ராஸ் சிஸ்டம்’ என்பது இங்கிலாந்தில் அன்றாடச் சொல்லாயிற்று.

கண்டுபிடித்தது பெல்லா, லங்காஸ்டரா? இந்தச் சண்டையில் மூன்றாவது பெயர் அடிபடவே இல்லை. எழும்பூர்ப் பக்கத்தில் திண்ணையில் பாடம் நடத்திய அந்த வாத்தியாரின் பெயர். ஃபிரிஸ்கென் பெயரைப் பெல் எழுதிவைத்தார். அதனால் நமக்குத் தெரிகிறது. மணலில் எழுதிய தமிழ்ப் பிள்ளைகள் பெயரில்லாமலே வரலாற்றுக்குள் வந்து, பெயரில்லாமலே போய்விட்டார்கள்.

பெல்லை ஒரேயடியாகத் தூற்றவும் முடியாது. தாம் எங்கே பார்த்தோம் என்பதை அவர் மறைக்கவில்லை. முறைக்குத் தம் பெயரை வைக்காமல் மெட்ராஸ் பெயரை வைத்தார். பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். குற்றம் செய்தவனைச் சக மாணவர்களே விசாரிக்க வேண்டும் என்றார். சட்டாம்பிள்ளையின் பிரம்பை அவர் இறக்குமதி செய்யவில்லை.

ஆனால் வேறொன்றைக் குறைத்தார். ஏழைப் பிள்ளைகள் வாசிக்கக் கற்றால் போதும், எழுத்தும் கணக்கும் கூட அவசியமில்லை, படிப்பு மிஞ்சினால் தம் நிலைக்கு மீறி ஆசைப்படுவார்கள் என்ற கருத்து அவர் எழுத்தில் இருக்கிறது. நம் திண்ணையில் எழுத்தும் கணக்கும்தான் படிப்பே. கால்படி அரைப்படியும், மாகாணி அரைக்காலும் தெரியாதவன் அங்கே படித்தவனாக மாட்டான். முறை கடல் கடந்தது. அதன் உயிர்நாடி கரையிலேயே நின்றுவிட்டது. கும்பலுக்குப் பாடம் சொல்லும் மலிவான இயந்திரமாகவே பல ஆங்கிலப் பள்ளிகள் அதைப் பயன்படுத்தின. 1840-களில் பயிற்சி ஆசிரியர்கள் வரத் தொடங்க, மானிட்டர்கள் மெல்ல விடைபெற்றார்கள்.

உயிலில் ஒரு பள்ளி

1832 ஜனவரியில் பெல் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அடக்கம். மனைவியோடு சட்டப்படி பிரிந்தவர், பிள்ளை இல்லை. 1,20,000 பவுனைக் கல்விக்கென்றே எழுதிவைத்திருந்தார். அந்நாளில் அது பிரமாண்டமான தொகை. அபர்டீன், இன்வர்னெஸ், லீத் போன்ற ஸ்காட்லாந்து நகரங்களுக்கு ஒரு பங்கு. பக்கத்து ஊரான கூப்பரில் அவர் பணத்தால் எழுந்த பள்ளிக்கும் மெட்ராஸ் அகாடமி என்றே பெயர் வைத்தார்கள். பிற்காலத்தில் அது பெல் பாக்ஸ்டர் பள்ளியாயிற்று. பெரும்பங்கு பிறந்த ஊருக்கு.

வில்லியம் பர்ன் என்ற பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் சவுத் ஸ்ட்ரீட்டில் கல்லால் ஒரு மாளிகை எழுப்பினார். முன்னால் பழைய துறவியர் மடத்தின் இடிந்த சிற்றாலயம். பின்னால் முற்றம் சுற்றிய வகுப்பறைகள். ஊரில் ஏற்கெனவே இருந்த பள்ளிகள் இதில் கலந்தன. பணக்காரன் பிள்ளையும் ஏழையின் பிள்ளையும் ஒரே வாசலில் நுழைந்தார்கள். பெயர் மட்டுமல்ல, அந்தக் கல்லில் மெட்ராஸின் பணமும் இருக்கிறது. கம்பெனி நம்மிடம் வசூலித்த வரியிலிருந்து பாதிரியாருக்குக் கொடுத்த சம்பளம்தான் அந்தச் சொத்தின் விதை.

சட்டாம்பிள்ளை முறை அந்தப் பள்ளியிலேயே நெடுநாள் நிலைக்கவில்லை. ஆசிரியர்கள் தாமே பாடம் நடத்துவதையே விரும்பினார்கள். ஆனால் பள்ளி நிலைத்தது. இடம் போதாமல் 1967-ல் கில்ரிமாண்டில் இன்னொரு கட்டடம் வந்தது. பல்லாண்டுகள் சின்ன வகுப்புகள் அங்கே, பெரிய வகுப்புகள் சவுத் ஸ்ட்ரீட்டில் என்று பிரிந்து நடந்த பள்ளி, 2021-ல் ஊரின் மேற்கே லாங்லாண்ட்ஸில் கட்டிய புதிய வளாகத்துக்கு ஒன்றாகக் குடிபெயர்ந்தது. பழைய மாளிகை பல்கலைக்கழகத்தின் கைக்குப் போய்விட்டது. புதுக் கட்டடத்தின் பெயர்ப்பலகையிலும் மெட்ராஸ்தான்.

எழும்பூரில் தொடங்கிய கதைக்கு இங்கேயும் ஒரு மிச்சம் உண்டு. அந்த ஆண் அனாதை இல்லம் 1870-களின் தொடக்கத்தில் நீலகிரிக்குப் போய் லாரன்ஸ் இல்லத்தோடு இணைந்தது. இன்று லவ்டேலில் வசதி படைத்தோர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் லாரன்ஸ் பள்ளியின் வேர்களில் ஒன்று அது.

பாராட்டும் பட்டினியும்

திண்ணை என்ன ஆயிற்று? 1814-ல் லண்டனிலிருந்து கம்பெனி இயக்குநர்கள் வங்காளத்துக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். இந்தியக் கிராம ஆசிரியர்கள் நெடுங்காலமாகக் கையாளும் முறையை டாக்டர் பெல் மூலம் இங்கிலாந்தே ஏற்றுக்கொண்டது, அம்முறைக்கு இதைவிடப் பெரிய பாராட்டு இல்லை என்பது அதன் கருத்து. அதே ஆண்டில் வங்காளத்தின் சின்சுராவில் ராபர்ட் மே என்ற மிஷனரி பெல் முறையில் பள்ளிகளைத் தொடங்கினார். இங்கிருந்து போன சரக்கு சீமைச் சரக்காகத் திரும்பி வந்தது.

மெட்ராஸ் கவர்னர் தாமஸ் மன்றோ 1822-ல் மாகாணம் முழுக்கப் பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். 1826-ல் அவர் தந்த தொகை: 12,498 பள்ளிகள், ஒரு லட்சத்து 88 ஆயிரம் மாணவர்கள். வீட்டில் படிப்பவர்களையும் சேர்த்தால், படிக்கும் வயதிலுள்ள ஆண்பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட எழுத்தறிவு பெறுகிறார்கள் என்று மதிப்பிட்டார். காந்தியவாதி தரம்பால் 1983-ல் வெளியிட்ட நூலில் இந்த ஆவணங்களைத் திரட்டித் தந்திருக்கிறார். பழம்பெருமை பேச இது மட்டும் போதாது. பெண்பிள்ளைகளின் எண்ணிக்கை அதில் மிகச் சொற்பம். தீண்டத்தகாதோர் என்று ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான திண்ணைகளில் இடமில்லை.

அந்தக் கணக்கெடுப்பில் மனதைத் தொடும் அறிக்கை பெல்லாரி கலெக்டர் ஏ.டி. கேம்பல் எழுதியது. மூத்த மாணவர் இளையவருக்குச் சொல்லித்தரும் சிக்கனமான முறையை இங்கிலாந்து பின்பற்றியது நியாயமே என்று அவர் மெச்சினார். அடுத்தபடியாக, இந்தப் பள்ளிகள் ஏன் நலிகின்றன என்று காரணம் அடுக்கினார். சீமைத் துணியால் நெசவாளர் பிழைப்பு போயிற்று. பணம் வெளியே போகிறது. பெற்றோரால் வாத்தியாருக்குக் கொடுக்க முடியவில்லை. அரசிடமிருந்து ஒரு பள்ளிக்கும் காலணா உதவி இல்லை. 1823-ல் ஒரு வெள்ளைக்கார அதிகாரி எழுதிய வாக்குமூலம் இது. ஒரே முறை அங்கே மாளிகையில் குடியேறியது. இங்கே பட்டினி கிடந்தது.

செகந்திராபாத்தின் பதில்

பெல்லாரி, நிஜாம் 1800-ல் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த சீமை. தம்மைக் காக்க வந்த கம்பெனிப் படையின் செலவுக்கு ஈடாகக் கொடுத்தது. கேம்பல் எண்ணிய 533 பள்ளிகளில் கன்னடமும் தெலுங்கும் படித்தவையே மிகப் பெரும்பாலானவை. தமிழ்ப் பள்ளிகள் நான்கு. தமிழ்நாட்டுக்கு வெளியே தமிழர் குடியேறிய இடத்துக்குத் திண்ணையும் கூடவே போயிருக்கிறது.

அதே படைக்காக 1806-ல் உருவான பாசறைதான் செகந்திராபாத். திருமலகிரி, லோத்குண்டா, அல்வால், பொலாரம் என்று கன்டோன்மென்டை ஒட்டி இன்றும் தமிழ் பேசும் குடும்பங்கள் வாழ்கின்றன. மெட்ராஸ் படையின் பின்னால் சிப்பாயாக, வியாபாரியாக, காண்டிராக்டராக, சமையல்காரராக வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இவர்களில் பலர். எழும்பூர் இல்லத்து அனாதைகளின் தகப்பன்மார் சேவகம் செய்ததும் இதே மெட்ராஸ் படையில்தான்.

பெல் மெட்ராஸில் சம்பாதித்துச் சொந்த ஊரில் பள்ளி வைத்தார். செகந்திராபாத் தமிழர் ஒருவர், பிழைக்க வந்த ஊரிலேயே பள்ளி வைத்தார். சோமசுந்தர முதலியார் 1862-ல் தொடங்கிய ஆங்கிலோ வெர்னாகுலர் பள்ளி பின்னர் ஆறாம் நிஜாம் மஹ்பூப் அலி கானின் பெயரால் மஹ்பூப் கல்லூரி ஆயிற்று. செயின்ட் ஆண்ட்ரூஸ் போலவே இங்கும் காலேஜ் என்ற பெயரில் உயர்நிலைப் பள்ளி. 1893 பிப்ரவரி 13-ந் தேதி விவேகானந்தர் இங்கே ‘மேற்கு நோக்கி என் பணி’ என்று ஆங்கிலத்தில் பேசினார். கேட்க ஆயிரம் பேர் கூடினார்கள். ஏழு மாதம் கழித்து அவர் சிகாகோவில் பேசினார். திருமலகிரியில் பிறந்த திரைப்பட இயக்குநர் ஷியாம் பெனகல் இந்தப் பள்ளியின் மாணவர்.

ஸ்காட்லாந்துப் பள்ளிக்கு மெட்ராஸ் பெயர். தமிழர் தொடங்கிய பள்ளிக்கு நிஜாம் பெயர். இரண்டிலும் பெயர் ஒருவருடையது, உழைப்பு இன்னொருவருடையது. ஒரு வித்தியாசம் உண்டு. சோமசுந்தர முதலியார் யாரென்று தேடினால் தெரிந்துகொள்ளலாம். எழும்பூர்த் திண்ணை வாத்தியாரைத் தேட வழியே இல்லை.

மணல் இன்னும் இருக்கிறது

பெயர் போனாலும் கருத்து சாகவில்லை. ஆந்திரத்தின் மதனப்பள்ளி அருகே ரிஷி பள்ளத்தாக்கில், சுற்றியுள்ள கிராமங்களின் ஒற்றை ஆசிரியர் பள்ளிகளுக்கென ஒரு முறை உருவாக்கினார்கள். பல வகுப்புப் பிள்ளைகள் ஒன்றாகத் தரையில் அமர்ந்து, அட்டைகளை வைத்துக்கொண்டு தம் வேகத்தில் கற்பார்கள். மூத்தவர் இளையவருக்கு உதவுவார்கள். அதைப் பார்த்து 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-ல் தமிழகமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் பரவியது. பார்த்தவர்கள் புதுமை என்றார்கள். எழும்பூருக்கு அதைப் புதுமை என்று சொல்வது, கொல்லன் தெருவில் ஊசி விற்ற கதை.

ஒரு எச்சரிக்கையையும் பெல்லின் கதை விட்டுச்செல்கிறது. பிள்ளை பிள்ளைக்குக் கற்பிப்பது நல்ல முறை. ஆசிரியரை நியமிக்க மனமில்லாத அரசுக்கு அது நல்ல சாக்கும் ஆகலாம். இங்கிலாந்தில் அதுதான் நடந்தது. திண்ணையில் சட்டாம்பிள்ளைக்குப் பின்னால் வாத்தியார் ஒருவர் இருந்தார். ஊர் அவருக்கு நெல் அளந்தது. ஊரால் அளக்க முடியாமல் போனபோது பள்ளியும் போயிற்று. ஓராசிரியர் பள்ளிகள் இன்னும் நம்மிடையே இருக்கும்வரை இந்தப் பாடம் பழையதாகாது.

செயின்ட் ஆண்ட்ரூஸ் போகும் தமிழர்கள் மெட்ராஸ் என்ற பலகையைக் கண்டால் நின்று ஒரு புகைப்படம் எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பெயருக்குரியவர் பாதிரியார் மட்டுமல்ல என்று பக்கத்தில் நிற்கும் பிள்ளைக்குச் சொல்லிவைக்கலாம். அந்தப் பிள்ளை இன்னொரு பிள்ளைக்குச் சொல்லும். முறையே அதுதானே.